டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்திய பழைய டிராக்டரில் பேட்டரி ஏன் சார்ஜ் ஆகவில்லை?

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்திய பின்னும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது என்றால், ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன் டாஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் ரோட்டரை (உள்ளே சுழலும் பகுதியை) காந்தமாக்கும் முதல் மின்சாரம் அந்த விளக்கின் வழியாகவே செல்கிறது. ஆகவே பல்பு எரிந்துபோயிருந்தாலோ, 2 அல்லது 3 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்.ஈ.டி. மாட்டப்பட்டிருந்தாலோ, இன்ஜினை நன்றாக முறுக்கும் வரை சார்ஜ் தொடங்காது. சில சமயம் தொடங்கவே தொடங்காது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாவிட்டால் பல்பு, அதன் ஒயர், கார்பன் பிரஷ் ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியை இணைப்பிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட வேண்டும்; வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஃபோர்ட்சன் மேஜர் போன்ற பழைய பிரிட்டிஷ் டிராக்டர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியில் இணைக்கப்பட்டிருக்கும். அதை நெகட்டிவ் எர்த்தாக, அதாவது நெகட்டிவ் முனை பாடியில் இணையும்படி, மாற்றாமல் வழக்கமான ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதிலுள்ள டையோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) நொடியில் கருகிவிடும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் 14.2 காட்டி, பேட்டரியில் 13 மட்டுமே காட்டினால், கோளாறு மெல்லிய ஒயரிலோ துருப்பிடித்த எர்த் இணைப்பிலோதான் இருக்கும். பெல்ட் தொய்வையும் பார்த்துவிடுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் டைனமோ காலத்தது. ஆல்டர்னேட்டரில் அதைச் செய்யவே கூடாது.