வீட்டில் மனநிலையை மாற்ற எந்த நிறப் பூக்களை வாங்கி எப்படி அடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போக முடியவில்லை. எனக்கு முன்னால் பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே பட்டியலைத் தந்திருக்கிறார்கள். மஞ்சள் மகிழ்ச்சியாம், நீலம் அமைதியாம், சிவப்பு காதலாம், வெள்ளை தூய்மையாம். இதே பட்டியலை நம்பி நானும் ஒருமுறை இரண்டு கை கொள்ளாமல் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலாவது நாள் அத்தனையும் குப்பைக்குப் போனது. அதைவிட, வாங்கி வந்த அன்றைக்கே வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது.

நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் 'அழகுபடுத்த' என்று போடாமல் 'மனநிலையை மாற்ற' என்று போட்டிருக்கிறீர்கள். விருந்தாளி வரப்போவதால் கேட்கவில்லை, வீட்டில் யாரோ ஒருவர் சரியாக இல்லை என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். என் ஊகம் தப்பு என்றால், தண்ணீர், தண்டு பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். நான் பூ அலங்காரம் முறையாகக் கற்றவள் இல்லை. கற்றவர்கள் யாராவது படித்தால், திருத்துங்கள், திட்டாதீர்கள்.

என் கதை இதுதான். அம்மா போய் ஐந்தாவது மாதம் அப்பா என்னோடு வந்து தங்கினார். கட்டட வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க ஜன்னல் ஓரத்து நாற்காலிதான். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தாலும் விளக்குப் போட மாட்டார். நான் போனால், "வேண்டாம்மா, கண்ணு கூசுது" என்பார். அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளறையில் வேலை பார்த்துக்கொண்டு, எப்போது சாப்பிடக் கூப்பிடலாம் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உண்மையில் பூ என் முதல் யோசனையே இல்லை. அப்பா வரைந்த பழைய வரைபடங்கள் சிலவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றுதான் நினைத்தேன். வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. இதற்கு முந்தைய வீட்டில் நான்கு ஆணித் துளைகளுக்காக வீடு முழுவதற்கும் வெள்ளையடித்த செலவை முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான்கே நான்கு துளை! அதில் இரண்டு நாங்கள் குடிபோகும் முன்பே இருந்தவை. படம் எடுத்து வைத்துக்கொள்ளாதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் வருடக்கணக்கில் வாழும் சுவரில் ஒரு படம்கூட மாட்டக் கூடாது என்றால் அது வீடா, கிடங்கா? ஒட்டும் கொக்கி வாங்கலாமே என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். வாங்கினேன். நள்ளிரவில் சட்டத்தோடு கீழே விழுந்தது.

சரி, பூவுக்கு வருகிறேன்.

பட்டியல்படி மஞ்சள், ஆரஞ்சு ஜெர்பரா, நடுவில் பெரிய வெள்ளை லில்லி. உயரமான கண்ணாடி ஜாடியில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் சேர்த்துச் செருகிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு அப்பா முகம் தெரியவில்லை, அவருக்கு என் முகம் தெரியவில்லை. ஜாடியை ஓரமாகத் தள்ளும்போது லில்லியின் மகரந்தம் அவர் சட்டையில் பட்டது. நான் ஈரத்துணியால் துடைத்தேன், அது காவி நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. (மகரந்தத்தைத் தேய்க்கக் கூடாது, நனைக்கவும் கூடாது. ஒட்டும் டேப்பை மெல்ல வைத்து எடுக்க வேண்டும். அதைவிட, பூ விரிந்தவுடனே உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுவது உத்தமம். எனக்கு அப்போது தெரியாது.)

ராத்திரி வாசனை இன்னும் அதிகமாகி வீடு முழுக்க நிறைந்தது. அப்பா எழுந்து வந்து, "இந்தப் பூ அங்க எல்லார் கட்டில் பக்கத்துலயும் இருந்துச்சும்மா" என்றார். அங்க என்றால் ஆஸ்பத்திரி. அம்மா கடைசி மூன்று வாரம் இருந்த வார்டில், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இதே லில்லிக் கொத்தைத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கும் அது தெரியும். மறந்துபோயிருந்தேன். பூக்கடையில் நின்றபோது 'வெள்ளை: தூய்மை, அமைதி' என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

பார்ப்பது, கேட்பதெல்லாம் மூளையில் தாலமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாசனை மட்டும் அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சியும் நினைவும் பதியும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேரும். இதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் என்னைக் கேட்டால், பூக் கடைக்குப் போகும் முன் அந்த வீட்டு மனிதரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: எந்தப் பூ வாசனை பிடிக்காது? பிடித்தது எது என்று கேட்டால் 'எதுவானாலும் சரி' என்பார்கள். பிடிக்காததைக் கேட்டால் உடனே சொல்வார்கள்.

ஜெர்பரா மூன்றாவது நாளே தலை தொங்கிவிட்டது. அதற்குக் காரணம் நான்தான். அதன் தண்டு மென்மையானது, மேலே நுண்ணிய முடி இருக்கும். ஆழமான தண்ணீரில் நிறுத்தினால் அழுகிவிடும்.

இரண்டாவது தடவை வாசனை இல்லாத சிவப்பு ரோஜா வாங்கினேன். இந்த முறை அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் சின்ன முக்காலியில் வைத்தேன். பகலில் அத்தனை அழகு. சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் ரோஜாவைக் காணோம். இலைகள் தெரிகின்றன, பூ இருக்கும் இடத்தில் கறுப்பாக ஏதோ உருண்டை. கண்ணில் கோளாறோ என்று பயந்தே போனேன். இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர். யான் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர், பகலில் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும் பூக்கள் விடியற்காலையில் கறுத்துத் தெரிவதை 1819இல் கவனித்திருக்கிறார். வெளிச்சம் குறையும்போது கண்ணில் வேறுவகைச் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. ஊதா, அடர்நீலப் பூவுக்கு இன்னொரு தொல்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் அவை செத்த நிறமாகத் தெரியும். கடையின் வெள்ளை விளக்கில் பார்த்து மயங்கி வாங்குவோம், வீட்டு வெளிச்சத்தில் அது வேறு பூ.

அதனால்தான் நிறப் பட்டியல் என்றாலே எனக்கு எரிச்சல். அதில் எந்த நாற்காலி, எத்தனை மணி, என்ன விளக்கு என்று ஒரு வரி இருக்காது. அந்தியில் விளக்குப் போடாமல் உட்காரும் மனிதருக்குச் சிவப்பு வாங்கித் தருவதும் தராததும் ஒன்றுதான்.

மூன்றாவது தடவை வெள்ளைச் சாமந்தி, ஐந்தே தண்டு. வாசனை லேசானது, சரியாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரம் தாங்கும். ஒரு சாதாரணக் கண்ணாடி டம்ளரில் வைத்தேன். அந்தியில் அறையே மங்கினாலும் அந்த ஐந்தும் கடைசிவரை தெரிந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வந்து, "தண்டை எதால வெட்டின?" என்றார். சமையலறைக் கத்தரிக்கோல் என்றேன். "நசுங்கியிருக்கு பாரு. கத்தியால சாய்வா வெட்டணும்" என்று தானே எடுத்து வெட்டினார். அவர் சொன்னது சரிதான். நசுங்கிய தண்டால் தண்ணீரை இழுக்க முடியாது. சாய்வாக வெட்டினால் முனை ஜாடியின் அடியில் தட்டையாக ஒட்டி அடைபடாது. தண்ணீருக்கு அடியில் வைத்து வெட்டினால் குழாய்க்குள் காற்றுக் குமிழ் புகாது. தண்ணீருக்குள் அமிழும் இலைகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை அழுகிக் கிருமி பெருகித் தண்டின் வாயை அடைத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, தண்டில் அரை அங்குலம் நறுக்கினால் போதும். ஆஸ்பிரின் போடு, காசு போடு என்பவர்களை நம்பி நான் பார்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை. உங்களுக்குப் பலித்திருந்தால் சந்தோஷம், சண்டைக்கு வராதீர்கள்.

அன்று இரவு டம்ளரைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பதைப் பார்த்தேன், சரியாகத் தண்ணீர் மட்டத்தில். பூ ஒரு ராத்திரியில் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கிறாராம். காலையில் அளவுகோலை வைத்து, "ஆறு மில்லிமீட்டர்" என்றார். மறுநாள் ஐந்து. அதற்கு அடுத்த நாள் மேலே ஃபேன் ஓடியதால் ஒன்பது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் உள்ளறையில் இருந்தபோது கூடத்தில் சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விளக்கைப் போட்டுவிட்டு, குனிந்து ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே சிலர் கேட்பார்கள், 'பூ வைத்தால் துக்கம் போய்விடுமா?' என்று. போகாது. போனது என்று நான் எங்கே எழுதியிருக்கிறேன்? இப்போதும் சில நாள் அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். இன்னும் சிலர், 'ஐந்து நாளில் வாடுவதற்கு எதற்குச் செலவு, பிளாஸ்டிக் பூ வைக்கலாமே' என்பார்கள். பிளாஸ்டிக் பூ தண்ணீர் குடிக்காது. என் அக்காவும் இதைத்தான் சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதில் இங்கே எழுதும்படியாக இல்லை. பூனை வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ளும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: லில்லி பூனைக்கு விஷம். இதழ், இலை மட்டுமல்ல, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பூனை இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

அடுக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சாப்பாட்டு மேசை என்றால், முழங்கையை ஊன்றி முகவாயைக் கையில் தாங்கிப் பாருங்கள். பூ அந்த முகவாய்க்கு மேலே போகக் கூடாது. மற்ற இடத்தில் ஜாடியைப் போல ஒன்றரை மடங்கு உயரம் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும். நிறைய வாங்கி அடைக்காதீர்கள். ஜப்பானியர்களின் இகேபானா என்ற பூ அடுக்கும் கலையில் தண்டுகளுக்கு நடுவில் விடும் வெற்றிடத்துக்கும் பூவுக்குச் சமமான மதிப்பு உண்டு. வாய் அகன்ற கிண்ணத்தில் பூ சரிந்து விழுகிறது என்று பச்சை ஸ்பாஞ்ச் வாங்குவார்கள். அது ஒருவகைப் பிளாஸ்டிக், தொட்டால் தூளாக உதிரும், மக்காது. அப்பா அதற்கு ஒரு வழி செய்தார். கிண்ணத்தின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ஒட்டும் டேப்பைக் கட்டங்கட்டமாக ஒட்டினார், வரைபடத் தாள் மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டு. இதை நான் செய்தால் கோணலாக வருகிறது, உடனே பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறார். பக்கத்தில் பழத்தட்டு மட்டும் வேண்டாம். பழுத்த ஆப்பிளும் வாழையும் எத்திலீன் வாயுவை விடும். கார்னேஷன் போன்ற பூக்கள் அது பட்டாலே சுருங்கிவிடும்.

ஆகவே நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் எங்கே உட்காருகிறார், எந்த நேரத்தில் என்று முதலில் பாருங்கள். அதே நாற்காலியில், அதே நேரத்தில், நீங்கள் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தெரிந்தால் இங்கே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் தைரியம் வந்து மறுபடி மஞ்சள் ஜெர்பரா வாங்கி வந்தேன். உயர ஜாடியை எடுத்துக் குழாயடியில் பிடித்தேன். பின்னாலிருந்து அப்பா குரல்: "நிறுத்து, நிறுத்து. இதுக்கு ரெண்டு விரக்கடை போதும்."