சீரியல் அப், புரோட்டோகால் டவுன்: குறை கேபிளிலா, பேச்சிலா?

கேள்வி: ஐயா, நான் செம்பனைத் தோட்ட ஆபீஸ் ஒன்றில் கிராணியாக இருக்கிறேன். நெட்வொர்க் தேர்வு எழுத வேண்டும் என்ற ஆசையில் இரண்டு பழைய சிஸ்கோ 2600 ரூட்டர்களை வாங்கி, வி.35 சீரியல் கேபிளால் நேரடியாக இணைத்தேன். இரண்டு பக்கமும் 'சீரியல் 0/0 இஸ் அப், லைன் புரோட்டோகால் இஸ் டவுன்' என்றே வருகிறது. கிளாக் ரேட்டை, அதாவது லைனின் வேகத்தை, 56000, 64000, 128000 என்று மாற்றிப் பார்த்துவிட்டேன். பயனில்லை. இரண்டு ரூட்டரிலும் நிலையைக் காட்டும் ஷோ கட்டளைகளுக்கு வந்த விடைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். புதுக் கேபிள் வாங்க வேண்டுமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்மா, அந்தக் காசைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய தாளிலேயே விடை இருக்கிறது. ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கம் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வரியில் இரண்டு நிலைகள் சொல்லப்படுகின்றன. முன்னது கம்பியைப் பற்றியது. பின்னது அந்தக் கம்பி வழியே இரண்டு ரூட்டரும் ஒத்துப் பேசுகின்றனவா என்பதைப் பற்றியது. இரண்டுமே டவுன் என்றால் கேபிளையும் எதிர்ப்பக்க ரூட்டரையும் பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றால் போர்ட்டைத் திறக்கும் நோ ஷட்டவுன் கட்டளையைக் கொடுக்கவில்லை என்று பொருள். உங்களுக்கு முன்னது அப், பின்னது டவுன். மின்சமிக்ஞை வந்து சேர்கிறது, பேச்சுதான் ஒத்துப்போகவில்லை.

இந்த நிலையில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பிட்களுக்குத் தாளம் போடும் கிளாக்கைத்தான். அது நியாயமான சந்தேகம். ஈப்போ தலைமை ஆபீசுக்கும் தோட்ட ஆபீசுக்கும் இடையே நான் வாடகை லைன் பராமரித்த காலத்தில் ரூட்டரில் கிளாக் ரேட் என்று ஒன்றைக் கொடுக்க வேண்டியதே இல்லை. இரண்டு ரூட்டரும் டி.டி.இ. பக்கமாக (கிளாக்கை வாங்கிக்கொள்ளும் பக்கமாக) இருக்கும், நடுவில் உள்ள மோடம் கிளாக்கைத் தரும். மேசை மேல் நேரடியாக இணைக்கும்போது மோடம் கிடையாது, அதனால் ஒரு ரூட்டர்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். எந்த ரூட்டர் என்பதைக் கேபிள் தீர்மானிக்கும். கிளாக்கைத் தரும் டி.சி.இ. முனை எதில் செருகியிருக்கிறதோ அதில்தான் கிளாக் ரேட் கொடுக்க முடியும்.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். 'ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0' கொடுத்தபோது முதல் ரூட்டரில் 'டி.சி.இ. வி.35, கிளாக் ரேட் 64000' என்று வந்திருக்கிறது. இரண்டாவதில் 'டி.டி.இ. வி.35, டிஎக்ஸ் அண்ட் ஆர்எக்ஸ் கிளாக்ஸ் டிடெக்டட்'. கிளாக் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. கேபிளும் நல்ல கேபிள். இதற்குப் பிறகு வேகத்தை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இராது.

'ஷோ இன்டர்ஃபேஸ்' விடையில் ஐந்தாறு வரி தள்ளிப் படித்திருந்தால் உங்களுக்கே பிடிபட்டிருக்கும். என்கேப்சுலேஷன் என்பது தகவலைப் பொதிந்து லைனில் அனுப்பும் முறை. முதல் ரூட்டரில் 'என்கேப்சுலேஷன் எச்.டி.எல்.சி.' இரண்டாவதில் 'என்கேப்சுலேஷன் பி.பி.பி.', அதன் கீழேயே 'எல்.சி.பி. ரெக்சென்ட்', அதாவது இணைப்புக் கேட்டு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. வேறெதுவும் இல்லை, இதுதான் கோளாறு. சிஸ்கோ ரூட்டரின் சீரியல் போர்ட் தானாக எடுத்துக்கொள்வது எச்.டி.எல்.சி.யை. பி.பி.பி. தானாக வராது, யாராவது கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கவில்லை என்றால், முன்பு அந்த ரூட்டரை வைத்திருந்தவரின் அமைப்பு இன்னும் உள்ளே கிடக்கிறது. பி.பி.பி. பக்கம் 'பேசலாமா' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

இரண்டாவது ரூட்டரில் 'இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0' உள்ளே போய் 'என்கேப்சுலேஷன் எச்டிஎல்சி' என்று கொடுத்தால் சில வினாடிகளில் லைன் எழுந்துவிடும். ஆனால் நான் அதோடு விடமாட்டேன். பழைய ரூட்டர் வாங்கினால் முதல் நாளே பழைய அமைப்பை அழிக்க 'ரைட் இரேஸ்', பிறகு ரூட்டரை மறுபடி தொடங்க 'ரீலோட்'. சேமிக்கவா என்று கேட்டால் நோ. ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்கும் நோ. அப்புறம் 255.255.255.252 மாஸ்க்கோடு 10.1.1.1, 10.1.1.2 முகவரிகளைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் நோ ஷட்டவுன் மறக்காதீர்கள், டி.சி.இ. பக்கம் கிளாக் ரேட்டையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

லைன் எழுந்தபின் நீங்களாகவே ஒரு பக்கம் மட்டும் பி.பி.பி. கொடுத்துப் பாருங்கள். எச்.டி.எல்.சி. பக்கம் உடனே விழாமல் அரை நிமிடம்போல் தாக்குப்பிடிக்கும். கீப்அலைவ் என்ற 'இருக்கிறேன்' செய்தி 10 வினாடிக்கு ஒருமுறை போகிறது, தொடர்ந்து மூன்று தவறினால்தான் அது கைவிடும். பெரிய லைனில் 'வந்து வந்து போகிறது' என்று புகார் வரும்போது இந்த அரை நிமிடக் கணக்கு கை கொடுக்கும்.

பிறகு இரண்டு பக்கமும் பி.பி.பி., அதன்மேல் சாப் என்ற பாஸ்வேர்ட் சோதனையையும் கொடுத்துப் பாருங்கள். இதில் யூசர்நேம் என்று கொடுக்க வேண்டியது எதிர் ரூட்டரின் ஹோஸ்ட்நேம், பாஸ்வேர்ட் இரண்டிலும் ஒன்றே. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. 'டீபக் பிபிபி ஆதென்டிகேஷன்' போட்டால் எந்தப் பெயரில் இடிக்கிறது என்று காட்டும். பார்த்து முடித்ததும் 'அன்டீபக் ஆல்' கொடுத்து நிறுத்துங்கள்.

இன்னொன்று, கேபிளைச் சந்தேகித்த வேகத்தில் சீரியல் கார்டையே கழற்றிவிடாதீர்கள். 2600இல் மின்சாரத்தை நிறுத்தாமல் அந்தக் கார்டைத் தொடவே கூடாது.

கேள்வி: சீரியல் இன்டர்ஃபேஸில் 'பேண்ட்வித்' எண்ணைக் கூட்டினால் லைன் வேகமாகுமா?
வாசகர், கோலகங்சார்

பதில்: ஆகாது. நேரடி இணைப்பில் வேகத்தைத் தருவது கிளாக் ரேட் மட்டும்தான். பேண்ட்வித் என்பது ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி போன்ற வழி தேடும் புரோட்டோகால்கள் பாதையை எடைபோட எடுத்துக்கொள்ளும் எண். ஒன்றும் கொடுக்காவிட்டால் 1544 கிலோபிட் என்று இருக்கும். அமெரிக்க டி1 லைனின் கணக்கு அது. நம் நாட்டில் புழங்கிய இ1 லைன் 2048. உங்கள் லைன் 64 கிலோபிட்தான் என்றால் 'பேண்ட்வித் 64' என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஓஎஸ்பிஎஃப் செலவு 64இலிருந்து 1562க்கு ஏறும், ரூட்டரும் மெதுவான அந்த வழியைத் தவிர்த்து வேறு நல்ல வழி இருந்தால் அதில் போகும்.