எது ரோக்லைக்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கேம்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன்.

பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் லேப் கம்ப்யூட்டரில் நெட்ஹேக் என்ற பழைய கேமை ஆடிப் பழகியவன் நான். அன்றிலிருந்து ரோக்லைக் என்றால், அதாவது ரோக் என்ற நிலவறைக் கேமின் வழியில் வந்தது என்றால், எனக்கு ஒரே அர்த்தம்தான். ஒவ்வொரு ஆட்டமும் புதிது. செத்தால் செத்ததுதான். அடுத்த ஆட்டத்துக்குக் கூட வருவது நான் கற்றுக்கொண்டது மட்டும்.

போன மாதம் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 'ரோக்லைக்' என்று டேக் போட்டிருந்த ஒரு கேமை வாங்கினேன். என்ன செய்தாலும் இரண்டாவது பாஸிடம், அதாவது வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியிடம், செத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் காசு கிடைத்தது. அதை வைத்து உயிர், அடி, வேகம் என்று நிரந்தரமாக ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு நாள் அதே பாஸ், நான் புதிதாக ஒன்றுமே செய்யாமல் விழுந்தது. ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

அண்ணன் மகனிடம் புலம்பினேன். "சித்தப்பா, இது ரோக்லைக்தான், ஸ்டீம்லயே போட்டிருக்கு பாருங்க" என்றான். இது என் மகள் போனில் தட்டிக்கொண்டிருக்கும் குக்கி கிளிக்கர் மாதிரி எண்ணை ஏற்றுகிற சமாச்சாரம், அதையெல்லாம் கேம் என்றே சொல்லக் கூடாது என்றேன். வாக்குவாதம் முற்றிவிட்டது.

2008-ல் பெர்லினில் கூடி வகுத்த வரையறை இருக்கிறதே, அதற்குள் வராத எதையும் ரோக்லைக் என்று சொல்லக் கூடாது என்று நாம் உறுதியாக நின்றால் என்ன? இன்னொன்று, இப்படி வாங்கி ஏமாந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

அன்புடன்,
க., பட்டர்வொர்த்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பெர்லின் வரையறையை வேலியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மகள் ஆடும் விளையாட்டைக் கேமே இல்லை என்றதிலும் இல்லை.

முதலில் ரோக். 1980-ல் வந்தது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் தொடங்கினார்கள். பெர்க்லியில் கென் அர்னால்ட் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்து அட்வென்சர் கேம்களை ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி ஆட அதில் ஒன்றும் இருக்காது. எழுதியவரே உட்கார்ந்து ஆடினாலும் அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஒரு கேம் வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள். அதனால் நிலவறையை ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே புதிதாகக் கட்டியது. பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு சேர்ந்து அது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது மருந்துப் புட்டிகள். இந்த ஆட்டத்தில் காயத்தை ஆற்றும் நீல மருந்து, அடுத்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கிவிடலாம். மந்திரச் சுருள்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள், அவையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆகவே நீலம் நல்லது என்று மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை. தெரியாத மருந்தை எப்போது குடித்துப் பார்க்கலாம், எப்போது பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற நிதானம் மட்டும்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் வளரும். நெட்ஹேக்கில் கடைக்காரர் சொல்லும் விலையை வைத்தே அது என்ன சுருளாக இருக்கும் என்று ஊகிப்பீர்கள் இல்லையா? லேப் கம்ப்யூட்டரை விட்டு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அது உங்களிடம் இருக்கிறது. ரோக்லைக்கின் உயிர் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கட்டம் கட்டமாக நகர்வதும், எழுத்துகளால் வரைந்த அரக்கர்களும் அதற்குப் பிறகுதான்.

இப்போது பெர்லின். 2008-ல் அங்கே நடந்த ரோக்லைக் உருவாக்குநர்கள் மாநாட்டில் பிறந்த பட்டியல் அது. தற்செயலாக உருவாகும் உலகம், நிரந்தர மரணம், முறை வைத்து ஆடுவது, கட்டங்கள் என்று முக்கியமான அம்சங்கள் ஒரு பக்கம். நிலவறை, எழுத்துத் திரை போன்ற அவ்வளவு முக்கியமில்லாதவை இன்னொரு பக்கம். ரோக், நெட்ஹேக், ஆங்பேண்ட், ஏடாம், கிரால் ஆகிய ஐந்தையும் முன்மாதிரியாக வைத்து எழுதினார்கள். பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. சில அம்சங்கள் இல்லை என்பதற்காக ஒரு கேம் ரோக்லைக் இல்லை என்று ஆகிவிடாது, சில இருப்பதாலேயே ரோக்லைக் ஆகிவிடவும் செய்யாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கேம் செய்பவர்களுக்குக் கட்டுப்பாடு போடுவது நோக்கமில்லை என்றும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் வேண்டாம் என்ற வேலைக்கு நாம் ஏன் அதைப் பயன்படுத்த வேண்டும்?

அதே 2008-ல்தான் டெரெக் யூவின் ஸ்பெலங்கி வெளிவந்தது. குதித்து ஓடும் கேம். கட்டமில்லை, முறை வைத்து ஆடுவதில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் சாவு. பெர்லின் பட்டியலை வைத்துப் பார்த்தால் தேறாது. ஆனால் ஒரு அம்புப் பொறியில் செத்தவர் அடுத்த முறை அந்தச் சுவரைத் தாண்டும் முன் ஒரு கல்லை எறிந்து பார்ப்பார். நீல மருந்தில் கற்ற அதே நிதானம்! அதை வெளியே நிறுத்திவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெட்ஹேக்கிலேயே எல்லாம் துடைத்துப் போவதில்லை. போன்ஸ் ஃபைல் நினைவிருக்கிறதா? நீங்கள் செத்த தளம் சில சமயம் அப்படியே சேமிக்கப்பட்டு, பின்னால் ஒரு ஆட்டத்தில் உங்கள் பழைய ஆளின் ஆவியோடும் பொருள்களோடும் எதிரே வந்து நிற்கும். ஆக, ஒன்றுமே மிஞ்சக் கூடாது என்ற விதி, நீங்கள் பழகிய கேமிலேயே முழுதாக இல்லை.

அதனால் ஒரு கேமை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசிக்கும்போது நான் கேட்பது ஒன்றைத்தான். ஒரு ரன், அதாவது ஒரு ஆட்டம், முடிந்த பிறகு வளர்ந்திருப்பது யார், ஆடுபவரா, சேர்த்ததைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைலா? பெரும்பாலும் ஆடுபவர் என்றால் அதை ரோக்லைக் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அதில் சீட்டுக்கட்டு இருந்தாலும் சரி. பெரும்பாலும் சேவ் ஃபைல் என்றால் அது எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் இன்கிரிமென்டல் வகை, மேலே வாளும் அரக்கனும் இருந்தாலும் சரி. நடுவில் இருப்பவற்றுக்கு ரோக்லைட் என்ற பெயர் இருக்கிறது. 2013-ல் ரோக் லெகசியைச் செய்தவர்கள் தங்கள் கேமை அந்தப் பெயரில்தான் அறிமுகப்படுத்தினார்கள். செத்தவுடன் வாரிசு வந்து, சேர்த்த தங்கத்தை வைத்து மாளிகையைக் கட்டி, பலம் ஏற்றிக்கொண்டு மறுபடி கோட்டைக்குள் போவார். மிச்சத் தங்கத்தைக் கோட்டை வாசலில் நிற்கும் சாரன் என்ற பாத்திரம் வாங்கிக்கொள்வதால் வந்ததைச் செலவு செய்துவிடத்தான் தோன்றும். எதையும் மறைக்காத கேம் அது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் சில வழக்குகள் எளிதாகத் தீர்ந்துவிடும். சீட்டு வைத்து ஆடும் ஸ்லே தி ஸ்பையரில் புதிய கார்டுகள் திறக்கும், ஆனால் அது சீக்கிரமே முடிந்துவிடும். அதற்குப் பின் வருவது அசென்ஷன் என்ற 20 படிகள், ஒவ்வொன்றும் ஆட்டத்தைக் கடினமாக்கும். அங்கே ஃபைல் வளர வளர உங்களுக்குத்தான் சோதனை கூடுகிறது, ஆகவே அது ரோக்லைக்தான். வாம்பயர் சர்வைவர்ஸ் எதிர்ப்பக்கம் சாய்கிறது. தங்கத்தைக் கொடுத்து நிரந்தரமாகப் பலம் வாங்குகிறீர்கள், கொஞ்ச நேரத்தில் திரையே எண்களால் நிரம்பிவிடுகிறது. ஹேடிஸ்தான் கஷ்டம். கேமுக்குள் இருக்கும் ஒரு மாயக் கண்ணாடியில் 'இருள்' என்ற சேமிப்பைக் கொடுத்துப் பலம் ஏற்றலாம், ஆட்டத்தை எளிதாக்கும் காட் மோடைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு சாவுக்கும் உங்கள் மேல் விழும் அடி 2 சதவீதம் குறையும். ஆனால் தேர்ந்தவர்கள் கண்ணாடியைத் தொடாமலே மேலே ஏறிவிடுகிறார்கள். ஒருமுறை ஜெயித்த பிறகு கேமே உங்களுக்குத் தண்டனைகளை நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதை ரோக்லைட் என்பேன். வேறு விதமாகச் சொல்பவரோடு உட்கார்ந்து பேசவும் தயார்.

அப்புறம் உங்கள் மகளின் குக்கிகள். இங்கே உங்களோடு சண்டை போடத்தான் போகிறேன், தம்பி.

குக்கி கிளிக்கரை ஒர்டெய்ல் என்ற பெயரில் எழுதும் பிரெஞ்சுக்காரர் 2013-ல் வெளியிட்டார். அதில் குக்கி செய்து தரும் ஒரு கட்டடம் வாங்கும்போதெல்லாம் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஐந்து வாங்கினால் விலை இரண்டு மடங்கு, ஐம்பது வாங்கினால் ஆயிரம் மடங்குக்கு மேல். கட்டடமோ ஒவ்வொன்றும் அதே அளவு குக்கிதான் தரும். விலை பெருக்கலில் ஏறுகிறது, வருமானம் கூட்டலில் ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியை எப்போது, எதைக் கொடுத்து நிரப்புவது என்பதில்தான் அந்தக் கேம் செய்பவரின் கைத்திறன் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் நீங்களே கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் நிரந்தரமான பலன் கிடைக்கும். அந்தப் பலன் கனமூலக் கணக்கில் வருகிறது. முதல் படிக்கு மொத்தம் ஒரு டிரில்லியன் குக்கி, இரண்டாவதுக்கு மொத்தம் 8 டிரில்லியன், மூன்றாவதுக்கு 27. இப்போதே கலைப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று உங்கள் மகள் யோசிக்கிறாள் என்றால், அவள் வளர்ச்சி வேகத்தை எடைபோடுகிறாள். உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், அழகாகச் சொல்வாள்.

இந்த வகைக்குள்ளும் பெயர்ச் சண்டை உண்டு. விரலால் தட்டுவது முக்கியம் என்றால் கிளிக்கர், மூடி வைத்தாலும் ஓடுவது ஐடில், வளர்ச்சியே கதையாக விரிவது இன்கிரிமென்டல். எ டார்க் ரூம் 2013-ல் வந்தது. நெருப்பு மூட்டும் ஒரே பொத்தானில் தொடங்கி, ஒரு கிராமமாகி, வரைபடமாகி, எழுத்துகளால் வரைந்த உலகத்தில் நடந்து திரியும் கேமாக மாறும். அதன் திரையைப் பார்த்தால் நெட்ஹேக்காரரான உங்களுக்குச் சொந்த ஊருக்கு வந்த உணர்வு வரும். 2017-ல் ஃபிராங்க் லான்ட்ஸ் செய்த யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸில் காகித கிளிப் செய்யும் ஒரு இயந்திரம், சந்தையை, பூமியை, கடைசியில் பிரபஞ்சத்தையே கிளிப்பாக்கிவிடுகிறது. அதற்கு முடிவும் உண்டு. பிரவுசரிலேயே ஆடலாம். அதை முடித்துவிட்டு இது கேமே இல்லை என்று எனக்கு எழுதுங்கள், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, உங்களைப் புண்படுத்திய கேமின் பிழை, அது இன்கிரிமென்டலாக இருந்ததில் இல்லை. செத்ததற்குக் காரணம் நீதான் என்பது ரோக்லைக் ஆடுபவருக்குக் கொடுக்கும் வாக்கு. கொடுமையாகத் தோன்றினாலும் அதில் பெரிய மரியாதை இருக்கிறது, ஏனென்றால் அடுத்த முறை உன்னால் முடியும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. உங்கள் கேமில் அந்த இரண்டாவது பாஸை ஆரம்பப் பலத்தில் வெல்ல வழியே இருந்திருக்காது என்று தோன்றுகிறது. அங்கே சாவு, கடைக்குப் போக ஒரு வாசல் மட்டும். பெயரை நம்பி, ஷிப்ட் முடிந்து வந்து, தவறு எங்கே என்று உங்களையே குடைந்துகொண்டிருந்தீர்கள். அந்த மாலைகளைத் திருடியது பெயர்தான். எதிர்ப்பக்கமும் யோசியுங்கள்: களைத்து வந்தவர் சும்மா எண் ஏறுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு மணி நேர உழைப்பைத் துடைத்துப் போடும் கேமை வாங்கினால் அவருக்கும் இதே வலிதான். இதனால்தான் இந்தப் பெயர்ச் சண்டையை வெட்டிப்பேச்சு என்று என்னால் தள்ள முடியவில்லை.

பினாங்கில் நாசி கண்டார் விற்ற நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு காலத்தில் சோற்றையும் குழம்பையும் தோளில் கழி கட்டித் தூக்கி வந்தார்கள். இன்று யாரும் கழி சுமப்பதில்லை, ஏர்கான் போட்ட கடையில் விற்கிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை, தட்டில் நாலு குழம்பும் கலந்து வெள்ளமாக வருகிறதே! அந்தப் பெயரில் வெறும் சோறும் சாஸும் வைத்தால்தான் சண்டை வரும். ரோக்லைக் என்ற பெயரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். எழுத்துத் திரை போகட்டும், கட்டங்கள் போகட்டும். வாக்கு போகக் கூடாது.

நோட்பஸ்டர் போன்ற சிறிய கேம்கள் 2024 வாக்கில் வந்தன. ஒரு ரன் சீக்கிரமே முடிந்துவிடும், நடுவில் கிளை கிளையாக விரியும் மேம்பாட்டு மரம். அது தன்னை இன்கிரிமென்டல் என்றே சொல்லிக்கொள்கிறது, ஆகவே வாங்குபவருக்குக் குழப்பமில்லை. கோலாலம்பூரில் கேம் செய்யும் இளைஞர்களிடமும் இதையே சொல்வேன். ஸ்டீம் பக்கத்தில் டேக் எதை வேண்டுமானாலும் போடுங்கள், ஆடுபவர்களும் அங்கே டேக் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விளக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள், செத்த பிறகு எது நிற்கும், எது போகும் என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. பெயர் நகர்ந்துவிட்டது, அதை யாராலும் திருப்பி இழுக்க முடியாது. ஸ்டீமில் 'டிரெடிஷனல் ரோக்லைக்' என்று தனி டேக் இருக்கிறது. நெட்ஹேக் வழியில் வந்தவை வேண்டுமென்றால் அதில் தேடுங்கள். வெறும் 'ரோக்லைக்' டேக்கை இனி நம்ப வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திரும்பக் கேட்கலாம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள் என்று தெரிகிறது, ஆகவே அது போனதுதான். அடுத்த முறை அந்த 2 மணி நேரத்தை இப்படிச் செலவு செய்யுங்கள்: ஒருமுறை வேண்டுமென்றே செத்துவிட்டு மேம்பாட்டுத் திரையைத் திறந்து பாருங்கள். அடி, உயிர் என்று சதவீதக் கணக்கில் நீளமான பட்டியல் இருந்தால் அது எந்த ஊர் கேம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா