பாவனையாளர் கேள்வி–பதில்: கணக்கை மூடினார்கள், காசைத் தரவில்லை

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துணை தேடும் தளங்களைப் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவரின் ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. அழகுக்கலை நிலையம் வைத்திருக்கிறேன். டேற்றிங் தளமொன்றில் ஆறு மாதத்துக்குக் காசு கட்டிச் சேர்ந்தேன். தொழில் என்ற இடத்தில் தலைமுடி, முக அலங்காரம், மசாஜ் செய்கிறேன் என்று எழுதி, கதைக்க விரும்புபவர்கள் எடுக்கட்டும் என்று கடை இலக்கத்தையும் போட்டேன். நாலாம் நாள் கணக்கை மூடிவிட்டார்கள். விலைக்குப் பாலியல் சேவை வழங்குவது விதிமீறல் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. வாசித்துவிட்டு அழுதேன். கட்டிய காசும் வரவில்லை. நான் எந்தச் சட்டத்தை மீறினேன்? (கொக்குவில்)

பதில்: எந்தச் சட்டத்தையும் நீங்கள் மீறவில்லை, தங்கச்சி. அந்த மின்னஞ்சலை ஒரு மனிதர் யோசித்து எழுதியிருக்கவும் மாட்டார். மசாஜ் என்ற சொல்லும் ஒரு தொலைபேசி இலக்கமும் ஒரே இடத்தில் வந்தால் கணக்கை நிறுத்து என்று கணினிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். அது நிறுத்தியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்பீர்கள். டிண்டர், பம்பிள் போன்ற பெரிய தளங்களை நடத்துபவை அமெரிக்க நிறுவனங்கள். அங்கே 1996 இல் வந்த சட்டமொன்றின் 230 ஆம் பிரிவு, பாவனையாளர் எழுதுவதற்குத் தளம் பொறுப்பாகாது என்று பாதுகாப்புக் கொடுத்திருந்தது. 2018 இல் அந்தப் பாதுகாப்பில் ஓட்டை போட்டார்கள். ஃபொஸ்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சட்டம் அது. பிறருடைய விபசாரத்தை ஊக்குவிக்கும் அல்லது அதற்கு வசதி செய்யும் நோக்கத்தோடு தளம் நடத்துபவருக்குப் 10 ஆண்டுவரை சிறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்டால் 25 ஆண்டுவரை. மார்ச் 21 இல் செனற் சபையில் 97 பேர் ஆதரித்தார்கள், 2 பேர் எதிர்த்தார்கள். ஜனாதிபதி கையொப்பமிடும்வரைகூடக் காத்திராமல் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம், துணை தேடுவோருக்கான பகுதியை முழுதாக மூடியது. நல்லவன் கெட்டவன் பார்க்கவில்லை, எல்லோரையும் வெளியே தள்ளியது. மற்றத் தளங்கள் அதைப் பார்த்துத் தங்கள் விதிகளை இறுக்கின.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. ஆட்கடத்தலுக்குத் துணைபோன தளங்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம் என்றார்கள். அப்படிப் பெயர்போன பேக்பேஜ் தளத்தை ஏப்ரல் 6 ஆம் திகதியே கைப்பற்றிவிட்டார்கள். சட்டம் கையொப்பமானது 11 ஆம் திகதி. ஆக, பழைய சட்டங்களே அதற்குப் போதுமாக இருந்தன. மூன்று வருடம் கழித்து அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் பார்த்தபோது, புதிய குற்றவியல் பிரிவின்கீழ் தொடுத்ததாக ஒரே ஒரு வழக்கைத்தான் காட்ட முடிந்தது. நீதிமன்றத்தில் அவ்வளவு குறைவாகப் பயன்பட்ட சட்டம், கொக்குவிலில் கடை வைத்து நேர்மையாக உழைக்கிற பெண்ணை விலைமகள் என்று சொல்ல வைத்திருக்கிறது.

அவர்கள் பயப்படட்டும். கடை அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. ஆனால் காசு? ஆறு மாதத்துக்கு வாங்கிய காசில் நாலு நாள்தான் கழிந்திருக்கிறது. மிச்சத்தை வைத்திருக்க என்ன நியாயம்? விதிமீறலுக்காக மூடினால் காசு திரும்பாது என்று பல தளங்கள் சிறிய எழுத்தில் போட்டிருக்கின்றன. மீறல் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே, காசைப் பிடித்துக்கொள்பவரும் அவரே. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்காரர் முற்பணத்தை வாங்கிவிட்டு, உங்கள் முகம் சரியில்லை, வெளியே போங்கள் என்று சொன்னால் ஊர் விடுமா? இணையத்தில் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? என் அக்காவின் மகளுக்கு வரன் பார்க்க நானே ஒரு திருமணத் தளத்தில் 18,000 ரூபாய் கட்டினேன். படம் விதிக்குப் பொருந்தவில்லை என்று இரண்டாம் கிழமை கணக்கை முடக்கினார்கள். எந்தப் படம், என்ன குறை என்று ஐந்து தரம் எழுதிக் கேட்டேன். ஐந்து தரமும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு சொல்கூட மாறவில்லை. அந்தக் காசு இன்றுவரை வரவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. மேன்முறையீட்டுப் பக்கத்தில், வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியோடு, மனிதர் ஒருவர் பார்க்கவேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். கூகுள் அல்லது ஆப்பிள் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயும் தனியாகக் காசைத் திருப்பிக் கேளுங்கள். இரண்டும் சரிவராவிட்டால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (தொலைபேசி இலக்கம் 1977) எழுதுவதென்றால் காசு கட்டி மூன்று மாதத்துக்குள் எழுதவேண்டும். கடல் கடந்த நிறுவனம் என்பதால் நான் வங்கியைத்தான் அதிகம் நம்புவேன். கணக்குத் திரும்பக் கிடைத்தால் தொழில் என்ற இடத்தில் அழகுக்கலை நிபுணர் என்று மட்டும் போட்டு, இலக்கத்தை எடுத்துவிடுங்கள். செய்கிற தொழிலின் பெயரை மறைக்கச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அந்தக் கணினிக்கு வேறு வழியில் விளங்கப்படுத்த முடியாது.

கேள்வி: ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? (மானிப்பாய்)

பதில்: வேண்டாம். ஒரு மாதம் எடுங்கள். மேலே உள்ள கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள்.

கேள்வி: நான் ஹாட்வெயார் கடையிலை நிக்கிறன், வயது 29. டேற்றிங் தளத்திலை ஒரு பெட்டையோடை கதைச்சன். ரெண்டு நாளிலை வட்ஸ்அப்புக்கு வரச் சொன்னா. பிறகு சந்திக்கிறதெண்டால் காசு எண்டா. விலை நான் கேக்கேல்லை, அவதான் சொன்னா. புத்தி கெட்டு 5,000 அனுப்பினன். அடுத்த நாள் ஒரு ஆள் எடுத்து, தான் பொலிஸ் எண்டும், நீ செய்தது குற்றம், வழக்கை நிப்பாட்ட 60,000 போடு எண்டும் வெருட்டினான். அம்மாவின்ரை காப்பை அடகு வைச்சுப் போட்டன். இப்ப இன்னும் கேக்கிறான். பேஸ்புக்கிலை எல்லாருக்கும் அனுப்புவனாம். (சாவகச்சேரி)

பதில்: தம்பி, இனி ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுபடி கேட்பான், நிறுத்தமாட்டான்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்க்கிறேன். இலங்கையில், வயது வந்த ஒருவர் காசுக்குப் பாலியல் சேவை செய்வதையே நேரடியாகக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. பொது இடத்தில் விபசாரத்துக்கு ஆட்களை அழைப்பது 1841 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். விபசார விடுதி நடத்துவது 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் குற்றம். கைபேசியில் ஏமாந்து 5,000 ரூபாய் அனுப்பிய உங்களை அவன் சொன்னபடி பிடித்துக்கொண்டு போக முடியாது. எந்தப் பொலிஸ்காரரும் வழக்கை நிறுத்தத் தனியார் வங்கிக் கணக்கில் காசு போடச் சொல்லவும் முடியாது. மிரட்டிக் காசு பறித்தவன் அவன். அதற்குப் பெயர் கப்பம், அதுதான் குற்றம்.

கதைத்தவை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட்டாக எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். காசு போன கணக்கு இலக்கத்தோடு இன்றே உங்கள் வங்கிக்குப் போங்கள். பிறகு பொலிஸ் நிலையத்தில் எழுத்து முறைப்பாடு கொடுங்கள். இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் சொல்லலாம். பேஸ்புக்கில் நண்பர் பட்டியலை மறைத்துவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். பிறகு அந்த மிரட்டலுக்குப் பெலன் இருக்காது. தளங்கள் காசு, விலை என்ற சொற்களைத் தேடித் தேடி அழிப்பதால்தான் இந்தக் கூட்டம் இரண்டாம் நாளே வட்ஸ்அப்புக்கு இழுக்கிறது. அங்கே பார்க்க ஆளில்லை. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே கதையோடு இந்த மாதம் மட்டும் எனக்கு வந்த மூன்றாவது கடிதம் உங்களுடையது.

கேள்வி: மகன் ஒஸ்லோவில். தளத்தில் பழகிய பெண்ணுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறானாம். அங்கே சட்டம் கடுமை என்கிறார்கள். பிடிப்பார்களா? (வல்வெட்டித்துறை)

பதில்: நோர்வேயில் 2009 முதல், காசுக்குப் பாலியல் சேவை வாங்குபவர்தான் குற்றவாளி, விற்பவர் அல்ல. சுவீடன் 1999 இலேயே அப்படிச் செய்தது. கனடா 2014 இலும், பிரான்ஸ் 2016 இலும் அதே வழியில் போயின. நோர்வேக்காரர் வேறு நாட்டில் போய் வாங்கினாலும் அந்தச் சட்டம் விடாது. ஆனால் விரும்பிய பெண்ணுக்குச் செலவுக்குக் கொடுப்பது அந்தக் குற்றத்துக்குள் வராது, அம்மா. நீங்கள் மகனிடம் கேட்கவேண்டியது வேறு: அந்தப் பிள்ளையை நேரில் பார்த்திருக்கிறானா? இல்லையென்றால் சட்டத்தை விடுங்கள், காசை நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வசதியானவர்கள் மாதச் செலவு தருவார்கள் என்று ஒரு செயலி. ப்ளே ஸ்டோரில் இல்லை, இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள். இறக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: இறக்காதீர்கள். காசுக்கு உறவு என்ற வகைச் செயலிகளைக் கூகுள் 2021 செப்டெம்பர் முதல் தன் கடையில் அனுமதிப்பதில்லை. வெளியே இருந்து இறக்கும் செயலி உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்கலாம், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் உட்பட.

கேள்வி: நான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க இலவசப் பதிவு செய்யவேண்டும், சட்டம் அப்படி என்று அந்தப் பெண் ஒரு இணைப்பு அனுப்பினா. அடையாள அட்டைப் படமும் வங்கி அட்டை விபரமும் கொடுத்தேன். இப்போது மாதம் மாதம் காசு கழிகிறது. இது சட்டபூர்வமான தளமா? (சுன்னாகம்)

பதில்: இலவசம் என்றால் வங்கி அட்டை எதற்கு? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தப்பியிருப்பீர்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. இதே வித்தையைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2024 இல் எச்சரித்தது. அட்டையை இப்பவே முடக்குங்கள், பத்தியை மிச்சம் வாசிப்பது பிறகு.

கேள்வி: செயலியைப் போனில் இருந்து அழித்து ஐந்து மாதம். இன்னும் காசு எடுக்கிறார்கள். அநியாயம் இல்லையா? (பருத்தித்துறை)

பதில்: செயலியை அழித்தால் சந்தா அழியாது. இதை இந்தப் பத்தியில் எத்தனை தரம் எழுதுவது? ஸ்டோருக்குள் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் நிறுத்தவேண்டும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நேரம் நானும் அவசரப்பட்டு ஒரு நீர் வடிகட்டி வாங்கினேன். அதன் உள்வடியை வருடாவருடம் அவர்களிடமே வாங்கவேண்டும் என்ற வரியை நான் வாசிக்கவில்லை. மூன்று வருடம் கட்டினேன், யாரையும் குறை சொல்லவில்லை. போன ஐந்து மாதக் காசை மறந்துவிடுங்கள்.

கேள்வி: என் பேஸ்புக் படத்தை எடுத்து, என் பெயரில் டேற்றிங் தளத்தில் விலை போட்டுக் கணக்குத் திறந்திருக்கிறார்கள். தெரியாத இலக்கங்களில் இருந்து அழைப்பு வருகிறது. வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. (நல்லூர்)

பதில்: பிள்ளை, அந்தக் கணக்கின் முகவரியையும் படத்தையும் முதலில் சேமியுங்கள், மூடினபிறகு சாட்சி கிடைக்காது. பிறகு தளத்தில் முறையிடுங்கள். ஆள்மாறாட்டம் என்ற காரணத்தோடு விலைக்குச் சேவை என்ற காரணத்தையும் குறியுங்கள். அவர்கள் அதிகம் பயப்படுவது இரண்டாவதுக்குத்தான். கொக்குவில் தங்கச்சியின் கணக்கை நாலு நாளில் மூடிய அதே பயம் உங்களுக்காவது உதவட்டும்.

அழைக்கும் இலக்கங்களை நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், யாருக்கும் பதில் சொல்லவேண்டாம். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு எடுங்கள். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் முறைப்பாட்டில் குறிப்பிடச் சொல்லுங்கள். வேலைத்தலத்தில் மேலாளருக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். முறைப்பாட்டு இலக்கம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். தளத்துக்கு அனுப்பவேண்டிய ஆங்கிலக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.