கொழும்புக்கு மறுபடியும் கடனில் சரக்கு அனுப்பலாமா?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். 2022 ஜனவரியில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு 90 நாள் கடனில் சரக்கு அனுப்பினேன். இலங்கையின் டாலர் கையிருப்பு 300 கோடிக்கு மேல் என்று பேப்பரில் பார்த்த தைரியம்தான். கடைக்காரர் நாணயமானவர், அவர்கள் ஊர் ரூபாயை வங்கியில் கட்டிவிட்டார். வங்கியில் டாலர் இல்லை. பணம் வந்துசேர ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது மறுபடியும் கேட்கிறார். எந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: நீங்கள் பார்த்த எண் பொய்யில்லை. 2021 டிசம்பர் முடிவில் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர். ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட 1,000 கோடி யுவான் ஸ்வாப் (நாணயத்தை மாற்றிக்கொண்டு பிறகு திருப்பித் தரும் ஏற்பாடு). அதை நினைத்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. மீதியிலிருந்து ஜனவரி 18 அன்றே 50 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குப் போனது. ஜூலையில் இன்னொரு 100 கோடி முதிர்வதும் ஒளிவுமறைவு இல்லாத விஷயம். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். கைவசம் செலவழிக்கத்தக்கது 5 கோடி டாலர்கூட இல்லை என்று மே மாதம் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புரியாத கதையில்லை. 1930களில் நெல் விலை விழுந்தபோது, பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார் கைக்கு நிலமாக வந்து குவிந்தது. 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் அவர்கள் பேரில். சரி, ஊரில் தவணைக்குப் பணம் போட்டவர் வந்து கேட்டால்? வயலையா வெட்டிக் கொடுப்பது?

அதே மாதிரிதான் நாட்டுக் கணக்கும். 1997இல் தாய்லாந்து பெரிய கையிருப்பைக் காட்டிக்கொண்டே, 2,300 கோடி டாலருக்கு மேல் முன்பேரத்தில், அதாவது பிந்தைய தேதி ஒன்றில், கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. கையிருப்புப் பட்டியலில் அது தெரியவே இல்லை. அந்த அடிக்குப் பிறகுதான், இருப்போடு சேர்த்து வெளியே போகவேண்டியதையும் காட்டும் ஒரு படிவத்தைப் பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) கொண்டுவந்தது. இலங்கை மத்திய வங்கியும் இதை மாதாமாதம் தன் இணையதளத்தில் போடுகிறது.

அதன் இரண்டாம் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு வருடத்துக்குள் அரசும் மத்திய வங்கியும் கட்டியே ஆகவேண்டிய டாலர் அங்கே இருக்கும்: கடனின் அசல், வட்டி, அப்புறம் முன்பேரமும் ஸ்வாப்பும். இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளூர் வங்கியிடம் ஸ்வாப்பில் வாங்கிய டாலர் கையிருப்பைப் பெருக்கிக் காட்டும். திருப்பித் தரவேண்டியது இங்கேதான் வெளிப்படும். சொந்த நாட்டு மக்களுக்கே விற்ற டாலர் பத்திரங்களும் இந்த இரண்டாம் பகுதியில் அடங்கும். மூன்றாம் பகுதி, அரசு ஜாமீன் நின்ற கடன் போல, வந்தாலும் வரலாம் என்ற வகை. ஒரு பார்வை பார்த்தால் போதும்.

தொகைகளை ஒரு மாதம் வரை, ஒன்று முதல் மூன்று மாதம், மூன்று மாதம் முதல் ஒரு வருடம் என்று மூன்று கட்டமாகப் பிரித்திருப்பார்கள். உங்களுக்கு 90 நாள் கடன் என்பதால் முதல் இரண்டையும் கூட்டுங்கள். கையிருப்பிலிருந்து எடுக்கமுடியாத ஸ்வாப்பைக் கழித்துவிட்டு, இதையும் கழியுங்கள். நான் மூன்றாம் கட்டத்தையும் சேர்த்தே கழிப்பேன். சரக்குப் பணம் சொன்ன தேதியில் வந்ததாக எந்த ஊரில் சரித்திரம்? மிஞ்சுவது மூன்று மாத இறக்குமதிச் செலவுக்குக் காணாது என்றால் கடன் கொடுக்காதீர்கள். எரிபொருளுக்கும் மருந்துக்கும் கொடுத்த பிறகுதான் சேலைக்கு டாலர் கிடைக்கும். தனியார் இறக்குமதிப் பில்கள் இந்தப் படிவத்திலேயே வராது என்பதையும் மறக்கவேண்டாம்.

கணக்கு சுமாராக இருந்து, வாடிக்கையாளரையும் விட மனமில்லை என்றால், பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். வெறும் எல்சி (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) போதாது. அதைத் திறந்த வங்கியிடமே டாலர் இல்லாவிட்டால் அது காகிதம்தான். இந்திய வங்கி ஒன்று உறுதி கொடுத்த எல்சியாக இருக்கவேண்டும். இசிஜிசி (ஏற்றுமதிக் கடனுக்கான அரசுக் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி எடுக்கும்போது, அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாட்டால் வரும் தாமதம் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட வழியில், வோஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மூலம் இந்திய ரூபாயிலேயே பில் போட முடியும். புறக்கோட்டைக்காரரின் வங்கிக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று சரக்கு கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.