கேள்வி – பதில்: புனித சூசையப்பர் கல்லூரி

கேள்வி: மருதானை புனித சூசையப்பர் கல்லூரியின் நிறுவுநர் பொன்ஜீன் ஆண்டகை என்கிறார்கள். அவர் 1892இல் காலமானார். கல்லூரியோ 1896இல்தான் திறக்கப்பட்டது. இது எப்படிப் பொருந்தும்?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு ஆண்டுகளும் சரியானவையே. பிரான்சிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த பொன்ஜீன், 1868 முதல் யாழ்ப்பாணத்தின் ஆயராகப் பணியாற்றி, 1883இல் கொழும்புக்கு மாற்றலாகிப் பின்னர் அதன் முதற் பேராயரானார். கத்தோலிக்கப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே கற்க வேண்டும் என்பதற்காக நெடுங்காலம் வாதாடிய அவரே, தலைநகரில் உயர்கல்லூரி ஒன்று வேண்டுமென்று கனவு கண்டவர். அதை நிறைவேற்றியவர், அவரைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேராயர் மெலிசான். (கொழும்புக் கல்லூரியின் வேரில் யாழ்ப்பாண மண் ஒட்டியிருப்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை.) 1896 மார்ச் 2ஆம் திகதி, பேரை வாவியின் அருகே கல்லூரி திறக்கப்பட்டது.

‘அறிவிலும் நற்பண்பிலும்’ என்பது அதன் இலத்தீன் விருதுவாக்கின் பொருள். இரண்டாவது சொல்லே நிறுவியோரின் உண்மையான நோக்கம் என்பது என் கருத்து. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, இக்கல்லூரி கட்டணம் அறவிட முடியாத தனியார் பாடசாலையாக நீடிக்கும் கடினமான வழியைத் தேர்ந்தது.