பார்க்க ஆளில்லாத கூத்து

"பார்க்க ஆளே வராத ஒரு கலையை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், வேலையில் மலையாளம். எங்கள் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தை வைத்துத்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

இராமன் இராவணனோடு போர் செய்த நேரத்தில் பத்திரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அதனால் இலங்கைப் போரை அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் போனதை அவளுக்குக் காட்டவே இந்தக் கூத்து. அம்மனின் பார்வை விழும்படி கோயிலுக்கு வெளியே கூத்துமாடம் கட்டியிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை, ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள், சில இடங்களில் 71 நாள்கூட நடக்கும். திடலில் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டைக்கூடக் குறைக்க மாட்டார்கள்.

பாடுவது கம்பனை. மலையாள நாட்டுக் கோயிலில், மலையாளம் பேசும் கலைஞர்கள், தமிழ் விருத்தங்களை மனப்பாடமாகப் பாடி, இரண்டு மொழியும் கலந்த உரைநடையில் பொருள் சொல்கிறார்கள். அவர்களைப் புலவர் என்றுதான் அழைக்கிறோம். அந்தப் பெயருக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள்.

எனக்குக் கம்பன் பள்ளியில் பதம் பிரித்து எழுதும் பாடமாகவே இருந்தான். தேர்வு முடிந்ததும் மறந்தேன். 1998இல், ஒற்றப்பாலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பெரியப்பா ஓர் இரவு என்னை அருகில் இருந்த பகவதி கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திடலில் நாங்கள் இருவர், போர்வைக்குள் ஒரு முதியவர், அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்குகள். ஆந்திரத்துத் தோல்பொம்மைகளில் ஒளி ஊடுருவி வண்ணம் தெரியும். இங்கே பாவை கருநிழலாக விழும். தோலில் உளியால் குத்திய துளைகள் மட்டும் நகையாகவும் ஆடையாகவும் மின்னும். சுடர் அசைந்தால் நிழலும் மூச்சு விடுவதுபோல் அசையும். போர் வரும்போது தெள்ளிப்பொடி என்கிற பிசின் தூளைத் தீயில் எறிவார்கள். திரை முழுவதும் ஒரு கணம் பற்றி எரியும்.

அன்று கும்பகர்ணனை எழுப்பும் கட்டம். "உறங்குகின்ற கும்பகன்ன" என்று தொடங்கி "எழுந்திராய் எழுந்திராய்" என்று போகும் பாட்டு. பரீட்சைக்காக நூறு முறை படித்த வரி. அதில் ஒரு முரசு இருப்பது அந்தக் குரலில்தான் எனக்குக் கேட்டது. பின்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு உரை: தூக்கம் என்றால் என்ன, சாபத்தால் வந்த தூக்கம் எது, தம்பி அண்ணனுக்கு எதுவரை கடன்பட்டவன் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் மறுக்க, அரைமணி நேரம் ஒரே பாட்டில் நின்றார்கள். வகுப்பில் யாரும் எனக்குக் கம்பனை இப்படித் திறந்து காட்டியதில்லை. என் தாய்மொழியின் மிகப் பெரிய கவிஞனை இன்னொரு மொழிக்காரர்கள் எனக்குத் தந்தார்கள். அந்த நன்றி இன்றும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

இப்போது இந்தக் கலை வெளிநாட்டு மேடைகளுக்கும் போகிறது. ஷொர்ணூர்ப் பக்கத்துக் கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு மணி நேரச் சுருக்க வடிவம் அரங்குகளில் நடக்கிறது. அதனால் நான்கு குடும்பம் பிழைக்கும் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரைமணி நேரத் தர்க்கம் அதில் இருக்காது. அவசரப்படாத ஒரு பார்வையாளர் எதிரே இருந்தால்தான் அப்படி நின்று பேச முடியும். அம்மன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஆள் வராததால் இந்தக் கலைக்கு நேர்ந்த வறுமை உண்மை. ஆளை நம்பி இல்லாததால்தான் கம்பனின் பாட்டுகள் இத்தனை தலைமுறை வாயிலேயே வாழ்ந்தன என்பதும் உண்மை.

விடிந்ததும் பெரியப்பா என்னை மாடத்துக்குள் கூட்டிப்போனார். எண்ணெய்ப் புகையில் சுவரெல்லாம் கறுத்திருந்தது. மூத்த புலவர் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். முழுவதும் கம்பனின் பாட்டுகள், மலையாள எழுத்தில். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. "நீ வாசிக்கு, மோனே" என்று என்னிடம் நீட்டினார். மலையாள எழுத்தில் தமிழைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். நான் தடுமாறிய இடங்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொடுத்தார்.

கும்பகர்ணன் பாட்டை அன்று அவர் சொன்னபடியே தமிழில் எழுதிக்கொண்டேன். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இரண்டு சொற்கள் வேறுபடுகின்றன. நான் இன்றுவரை அவற்றைத் திருத்தவில்லை.